காயில் செத்துப்போனால் பிளக்கையும் கொஞ்சம் விசாரியுங்கள்

சொந்தக் காரில் கை வைத்துப் பழகவேண்டும் என்று ஆசை இருக்கிறவர்களுக்கு ஸ்பார்க் பிளக்கில் பொறி வரவைக்கிற இக்னிஷன் காயில் மாற்றுவதுபோல நல்ல ஆரம்பம் கிடையாது. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டாம், ஆயில் கொட்டாது, அடியில் படுத்துக்கொண்டு கண்ணில் துரு விழ வேலை பார்க்க வேண்டாம். பெரும்பாலான சின்னக் கார்களில் பானெட்டைத் திறந்தால் மேலேயே இருக்கும். ஒரு போல்ட், ஒரு கனெக்டர், திருகி இழுத்தால் கையோடு வந்துவிடும். இவ்வளவு சுலபமாக இருப்பதில்தான் வம்பு. வண்டி லேசாக மிஸ் அடித்தாலே, அதாவது ஏதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் தவறினாலே, "காயில் போச்சு" என்று முடிவுகட்டி சிலிண்டருக்கு ஒன்றாக நாலையும் வாங்கி மாட்டிவிடுகிறார்கள், கொஞ்ச நாள் ஓடுகிறது, அப்புறம் அதே சிலிண்டரில் புதுக் காயிலும் போகிறது. உடனே "டூப்ளிகேட் கொடுத்து ஏமாற்றிவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவது. டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காயில் வயதாகிச் சாவது ஒரு வகை, பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒன்று அதைக் கொல்வது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் காயிலை மட்டும் மாற்றினால், கொலைகாரன் அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

என்னுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், புதுசு என்று சொல்லமுடியாத வயது. சமதரையில் மெதுவாகப் போனால் ஒன்றுமே தெரியாது, நின்றபடி ஐடிலிங்கிலும் சுத்தமாக இருக்கும், மேட்டில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் மட்டும் உடம்பெல்லாம் குலுங்கி, பிக்கப் செத்து, செக் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டும். இந்த விளக்கு நிலையாக எரிவதும் சிமிட்டுவதும் ஒன்றல்ல. நிலையாக எரிந்தால் "நேரம் கிடைக்கும்போது கவனி" என்று எடுத்துக்கொள்ளலாம். சிமிட்டினால் இப்போதே காலை எடு என்று அர்த்தம், ஏனென்றால் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய் வழியாக, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது, உள்ளே இருக்கிற தேன்கூடு மாதிரியான பீங்கான் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு காயிலின் விலையையும் ஒரு கன்வெர்ட்டரின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் யாரும் சிமிட்டும் விளக்கோடு ஊர் சுற்ற மாட்டார்கள்.

சரி, ஏன் மேட்டில் மட்டும் மிஸ் அடிக்கிறது? இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காயிலுக்குள் ஒரு இரும்பு உள்ளகம், அதைச் சுற்றி இரண்டு சுருள்கள். முதல் சுருள் தடித்த கம்பி, சில நூறு சுற்று. இரண்டாவது தலைமுடி போல மெல்லிய கம்பி, கிட்டத்தட்ட அதைப்போல நூறு மடங்கு சுற்று. பேட்டரியின் 12 வோல்ட்டை முதல் சுருளில் சில மில்லிசெகண்ட் விட்டு, காந்தப்புலம் ஏறியதும் சட்டென்று கரண்டை வெட்டிவிடுவார்கள். வேகமாக ஓடும் தண்ணீரைக் குழாயில் படக்கென்று மூடினால் குழாயே அதிருமே, அந்த மாதிரி, வெட்டிய அந்தக் கணத்தில் முதல் சுருளிலேயே சில நூறு வோல்ட் எகிறும், இரண்டாவது சுருளில் அது 20,000, 30,000, தேவைப்பட்டால் அதற்கும் மேல் போகும். இந்த அடிப்படை யோசனை 1910 வாக்கில் சார்லஸ் கெட்டரிங் காடிலாக் கார்களுக்காகச் செய்ததுதான். அப்போது கரண்டை வெட்டியது தொட்டு விலகுகிற ஒரு ஜோடி உலோக முனைகள் (பாயின்ட்), இப்போது வெட்டுவது ஒரு டிரான்சிஸ்டர், மற்றபடி தாத்தாவும் பேரனும் ஒரே ஜாடை. அப்போது இன்ஜினுக்கு ஒரு காயில், அதிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கு வைக்கும். இப்போது ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொன்றும் விநாடிக்கு 25 முறை இந்த வேலையைச் செய்கிறது, அதுவும் கொதிக்கிற இன்ஜின் தலைமேல், ஓயாத அதிர்வில்.

முக்கியமான விஷயம், காயில் எப்போதும் ஒரே வோல்ட்டேஜைக் கொடுப்பதில்லை. பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி குதிக்கிற வரைக்கும் வோல்ட்டேஜ் ஏறிக்கொண்டே போகும், குதித்ததும் ஏற்றம் நின்றுவிடும். எவ்வளவு ஏறவேண்டும் என்பதை முடிவு செய்வது பிளக்கின் இடைவெளியும் அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தமும். ஐடிலிங்கில் உள்ளே போகிற காற்று கொஞ்சம், அழுத்தம் குறைவு, பலவீனமான காயில்கூடச் சமாளித்துவிடும். மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டர் நிறையக் காற்று, அழுத்தம் எகிறுகிறது, அதைத் துளைக்க ரொம்ப அதிக வோல்ட்டேஜ் வேண்டும். அங்கேதான் காயிலின் சாயம் வெளுக்கும். மின்சாரம் வெளியே ஓடாமல் தடுக்கிற காப்பு எங்காவது விரிசல் விட்டிருந்தால் மின்சாரம் பிளக் இடைவெளியைத் தாண்டக் கஷ்டப்படாமல் விரிசல் வழியாகப் பக்கத்திலிருக்கிற உலோகத்துக்கு ஓடிவிடும். பிளக் தேய்ந்து இடைவெளி அகலமாக அகலமாக, ஒவ்வொரு பொறிக்கும் காயில் கூடுதலாக ஏறவேண்டியிருக்கிறது. வருடக்கணக்கில் இப்படி ஏறி ஏறித்தான் உள்ளே காப்பு வெந்துபோகிறது. தலைப்பில் பிளக்கை விசாரிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

கண்டுபிடிக்கிற கதைக்கு வருவோம். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன ரீடரைச் செருகினால் பிழைக் குறியீட்டு எண்ணைக் காட்டும், அதைத்தான் 'கோடு' என்கிறோம். பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்றில்லாமல் பலவற்றில் மாறி மாறி மிஸ் ஆகிறது. பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0351 முதல் பி0354 வரை வந்தால் அந்தக் காயிலின் மின்சுற்றிலேயே பிரச்சினை, அதில் வயரும் கனெக்டரும் அடக்கம். எனக்கு பி0303. இதைப் பார்த்ததும் "மூன்றாவது காயில் காலி" என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அந்தக் கோடு சொல்வது மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதை மட்டும்தான். காயில், பிளக், பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டர், வால்வு, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுவது) என்று யார்வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம்.

இதற்குச் செலவே இல்லாத சோதனை, இடம் மாற்றிப் போடுவது. மூன்றாவது காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போடுங்கள், முதலில் இருந்ததை மூன்றில் போடுங்கள், கோடை அழித்துவிட்டு, மிஸ் அடிக்கிற அதே மாதிரி மேட்டில், கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டுங்கள். கோடு பி0301 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. பி0303 என்றே நின்றால் காயில் நிரபராதி, அடுத்து அதேபோல் பிளக்கை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும்தான் நகர்த்த வேண்டும். காயிலையும் பிளக்கையும் சேர்த்து நகர்த்தினால் கோடு மாறினாலும் எதனால் என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும். கழற்றும் முன் மார்க்கரால் ஒவ்வொரு காயில் மேலும் எண் எழுதிக்கொள்ளுங்கள். எது ஒன்றாம் சிலிண்டர் என்பதில் குழப்பம் வரும்: பெரும்பாலும் பெல்ட் அல்லது டைமிங் செயின் இருக்கிற பக்கம்தான் ஒன்று, ஆனால் பிரெஞ்சுக் கம்பெனி இன்ஜின்களில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ணுகிற வழக்கம் உண்டு. வண்டியின் மேனுவலைப் பார்த்துவிடுங்கள்.

மல்டிமீட்டர் வைத்து ஓம்ஸ் பார்க்கலாமா என்று கேட்பார்கள். கனெக்டரில் இரண்டே பின் இருக்கிற சாதாரணக் காயிலில் பார்க்கலாம், முதல் சுருள் ஒரு ஓம்ஸைச் சுற்றி, இரண்டாவது சில ஆயிரம் ஓம்ஸ் காட்டும், சரியான அளவு மேனுவலில் இருக்கும். மூன்று, நான்கு பின் இருந்தால் உள்ளே டிரான்சிஸ்டரும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், மீட்டர் காட்டுகிற எண்ணுக்குப் பெரிதாக அர்த்தம் இருக்காது. தவிர, மீட்டர் தன் சின்ன பேட்டரியை வைத்து அளக்கிறது, காப்பு ஓட்டையாவது 20,000 வோல்ட்டில். மீட்டரில் பாஸாகி மேட்டில் ஃபெயிலாகிற காயில்கள் நிறைய. எனக்கு மீட்டரைவிட இடம் மாற்றும் சோதனையில்தான் நம்பிக்கை.

பழைய கால மெக்கானிக்குகள் செய்கிற ஒன்றை மட்டும் செய்யாதீர்கள், அதாவது இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொன்றாகக் கழற்றி எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லை என்று பார்ப்பது. பிளக்கிலிருந்து விலகிய காயில், பொறி குதிக்க இடமில்லாமல் உச்ச வோல்ட்டேஜுக்கு ஏறி உள்ளேயே காப்பைத் துளைத்துக்கொள்ளும், இல்லையென்றால் உங்கள் கை வழியாக எர்த்துக்குப் போகும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடுகிற இன்ஜின் பக்கமே இந்த வேலைக்குப் போகக்கூடாது.

கழற்றும் வேலை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கை சுடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, பிளக் உட்கார்ந்திருக்கிற ஹெட் அலுமினியம், சூட்டில் பிளக்கைக் கழற்றினால் மரை கையோடு வந்துவிடும் அபாயம் உண்டு, அப்புறம் இது ஆரம்பப் பாடம் இல்லை, பெரிய செலவு. சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகடிவைக் கழற்றிவிடுங்கள். தேவையான ஆயுதங்கள்: ராட்செட், நீட்டுக்கம்பி, பல வண்டிகளில் காயில் போல்ட்டுக்கு 10 மிமீ சாக்கெட், பிளக்குக்கு 16 அல்லது 14 மிமீ சாக்கெட், அது உள்ளே ரப்பரோ காந்தமோ வைத்த பிளக் சாக்கெட்டாகவே இருக்கட்டும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டுகிற டார்க் ரெஞ்ச் இருந்தால் ரொம்ப நல்லது.

கனெக்டர்தான் இந்த வேலையில் பொறுமையைச் சோதிக்கிற இடம். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும். லாக்கை அழுத்திக்கொண்டே இழுத்தால் வராது, முதலில் கனெக்டரைக் காயில் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே தள்ளி, லாக்கின் மேல் இருக்கிற பிடிப்பைத் தளர்த்தி, பிறகு அழுத்தி இழுக்க வேண்டும். சில வண்டிகளில் முதலில் வெளியே இழுக்கவேண்டிய இன்னொரு குட்டிப் பூட்டும் இருக்கும். வயரைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள். போல்ட்டைக் கழற்றிய பிறகு காயிலை இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருகி, பிளக்கைக் கவ்வியிருக்கிற ரப்பர் உறை (பூட்) பிளக்கிலிருந்து ஒட்டு விட்டதும் நேராக மேலே இழுங்கள். திருகாமல் இழுத்தால் காயில் மட்டும் வந்து ரப்பர் உள்ளேயே தங்கிவிடும். அதன் உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் இருக்கிறது, அதுவும் வெளியே வந்துவிட்டதா என்று பாருங்கள்.

வெளியே வந்த காயிலை உடனே ஓரமாக வைக்காதீர்கள். ரப்பர் பூட்டைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு, பென்சிலால் கீறியது போல இருந்தால் மின்சாரம் அந்த வழியாக வெளியே ஓடியிருக்கிறது. கோடு விழுந்துவிட்டால் அது கரி, கரி மின்சாரத்தைக் கடத்தும், துடைத்தால் சரியாகாது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பிளக்கைத் திரும்பப் போட்டு மேலே புதுக் காயில் மாட்டுவது, புதுக் காயிலுக்கும் அதே குழியை வெட்டி வைப்பதுதான். பூட் மட்டும் தனியாகக் கிடைக்கிற காயில்களும் உண்டு, உள்ளே சுருள் நன்றாக இருந்தால் அதுவே போதும்.

என் வண்டியில் மூன்றாவது காயிலை இழுத்தபோது ரப்பரின் பாதி வரைக்கும் ஆயில். பிளக் உட்கார்ந்திருக்கிற குழிக்குள் இன்ஜின் ஆயில் தேங்கியிருந்தது. இன்ஜினின் மேல் மூடியான டேப்பெட் கவரில் ஒவ்வொரு குழியின் வாயைச் சுற்றியும் ஒரு ரப்பர் சீல் இருக்கும், அது காய்ந்து இறுகிப்போனால் ஆயில் கசிந்து குழிக்குள் இறங்கும். ஆயிலில் ஊறிய பூட் உப்பி, மெதுமெதுவென்று ஆகி, காப்பை இழக்கும். இதை விட்டுவிட்டு எத்தனை காயில் மாட்டினாலும் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருக்கும். ஆக காயிலோடு சேர்த்து டேப்பெட் கவர் கேஸ்கெட் செட்டும் வாங்கினேன், இடம் மாற்றிப் பார்த்ததில் காயிலும் செத்திருந்தது உறுதியாகிவிட்டது. கவர் போல்ட்டுகளை மேனுவல் சொன்ன வரிசையில், நடுவிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பலத்தைக் காட்டுகிற இடம் இல்லை அது.

குழியில் ஆயில் இருந்தால் துணியையோ உறிஞ்சுகிற காகிதத்தையோ கம்பியில் சுற்றி எடுத்துவிட்டு, தூசி மணலை ஊதி வெளியேற்றிய பிறகுதான் பிளக்கில் கை வைக்க வேண்டும். பிளக்கைத் திறந்ததும் குழிக்குள் இருக்கிற குப்பை எல்லாம் நேராக சிலிண்டருக்குள் விழும்.

வெளியே வந்த பிளக் நிறைய பேசும். நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் உள்ளே எல்லாம் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறியே வரவில்லை. ஆயில் பிசுக்கு நுனியில் இருந்தால் அது மேலிருந்து கசிந்ததில்லை, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம், அது தனிக் கதை. என் பிளக்குகளில் நிறம் பெரிதாக மோசமில்லை, மூன்றாவது மட்டும் பெட்ரோல் ஈரம். ஆனால் 1.1 மிமீ இருக்க வேண்டிய இடைவெளி நாலிலும் 1.4-ஐத் தாண்டியிருந்தது. அதாவது ஒரு பக்கம் ஆயில் ரப்பரை அரிக்க, இன்னொரு பக்கம் தேய்ந்த பிளக் வோல்ட்டேஜை மேலே தள்ளியிருக்கிறது. சாதாரண நிக்கல் பிளக்குகள் 30,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்றவேண்டியவை, இரிடியம் வகை பல வண்டிகளில் 1,00,000 வரை போகும், ஆனால் அதையும் காலத்துக்கும் உழைக்கும் என்று யாரும் விட்டுவைக்கக் கூடாது.

புதுப் பிளக்கை முதலில் கையால்தான் திருக வேண்டும். ராட்செட் இல்லாமல், நீட்டுக்கம்பியை விரலால் சுற்றி, தடையே இல்லாமல் அடி வரைக்கும் போகவேண்டும், இறுகினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, வெளியே எடுத்து மறுபடி. பிறகு டார்க் ரெஞ்ச். 14 மிமீ மரை பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 நியூட்டன் மீட்டர் பக்கம், 12 மிமீ மரைக்கு 15 முதல் 20, உங்கள் வண்டிக்கு மேனுவல் என்ன சொல்கிறதோ அதுவே இறுதி. ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் வைத்த புதுப் பிளக்கைக் கையில் இறுகியதற்கு அப்புறம் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள், பிளக் பெட்டியில் படமே போட்டிருப்பார்கள். மரையில் கிரீஸ் தடவினால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். முலாம் பூசிய பிளக்குகளுக்கு என்ஜிகே போன்ற கம்பெனிகளே அது வேண்டாம் என்கின்றன, வழுக்கலில் அதே டார்க்குக்குப் பிளக் கூடுதலாக இறுகிவிடும். இரிடியம் பிளக்கின் இடைவெளியைச் சரிசெய்கிறேன் என்று தகடு வைத்து நெம்பாதீர்கள், நடுவில் இருக்கிற ஊசி முனை உடைந்துவிடும். கம்பி அளவியால் அளந்து பார்த்தால் போதும்.

காயில் பூட்டின் உள்வாயில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு. அது மின்சாரத்தைக் கடத்தாது, ஈரத்தைத் தடுப்பதும் அடுத்த முறை ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் வருவதும்தான் அதன் வேலை, ஸ்பிரிங் மேல் அப்பிவிட வேண்டாம். காயிலை நேராக அழுத்தினால் பிளக்கின் தலையில் 'பொக்' என்று உட்கார்வது கைக்குத் தெரியும். தெரியவில்லையென்றால் போல்ட்டை வைத்து இழுத்து உட்காரவைக்கப் பார்க்காதீர்கள். காயில் போல்ட்டுக்கு 8, 10 நியூட்டன் மீட்டர்தான், அது இறங்குவது பிளாஸ்டிக் கவருக்குள்ளாகவும் இருக்கலாம். கனெக்டர் 'டக்' என்று பூட்டியதா என்று லேசாக இழுத்துப் பாருங்கள்.

ஒன்றா நாலா என்ற வாதம் முடியவே முடியாது. நான் காயில் ஒன்று, பிளக் நாலு என்ற கட்சி. பிளக்குகள் ஒரே மாதிரி தேய்கின்றன, அவற்றைச் சேர்த்து மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. மற்ற மூன்று காயில்களின் பூட்டும் காய்ந்து சுத்தமாக இருந்தது, அவை எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகிற இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் காயிலைத் தொடமுடியும் என்கிற வண்டிகள் உண்டு, அங்கே நான் கட்சி மாறிவிடுவேன், ஒரே உழைப்பில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது மேல். வாங்கும்போது பழைய காயில் மேல் அச்சிட்டிருக்கிற பார்ட் நம்பரை வைத்தே வாங்குங்கள், வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் பின் வரிசை வேறாக இருக்கலாம்.

பேட்டரியைத் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்கினால் பயப்படவேண்டாம், இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு மறந்ததைத் திரும்பக் கற்றுக்கொள்கிறது. கோடை அழித்துவிட்டு, முன்னால் எந்த மேட்டில் மிஸ் அடித்ததோ அதே மேட்டில், அதே கியரில் அழுத்திப் பாருங்கள், சமதரையில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. எனக்குப் போய்விட்டது. உங்களுக்கு அப்படியும் அதே சிலிண்டரில் மிஸ் நின்றால், காயிலும் பிளக்கும் வழக்கிலிருந்து விடுதலை, இன்ஜெக்டரை இதேபோல் இடம் மாற்றிப் பார்ப்பதும் கம்ப்ரஷன் அளப்பதும்தான் அடுத்த வேலை. கம்ப்ரஷன் அடிவாங்கியிருந்தால் அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். நான் கூடுதலாக ஒரு காயிலும் ஒரு 10 மிமீ சாக்கெட்டும் டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன், மீதி மூன்றும் அதே வயதுக்காரர்கள்தானே.